பட்டும் கைப்பட்டையும்

ஆரணிக்குப் போய்ப் பட்டுப் புடவை எடுக்கிற பெண்மணியை அவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட முடியுமா? நடக்காத காரியம்! கடைக்காரர் பாயை விரித்துப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். அந்த அம்மாள் அவசரப்படமாட்டாள். புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். முந்தானையைத் திருப்பிப் போட்டு, ஜரிகை ஓடியிருக்கிற விதத்தை உட்புறத்திலும் கவனிப்பாள். மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த 'சில்க் மார்க்' சீட்டு தொங்குகிறதா என்று தேடுவாள். அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால், ஓரத்து நூலில் ஒன்றைக் கிள்ளிக் கொளுத்தி முகர்ந்தே பார்த்துவிடுவாள். அசல் பட்டு என்றால் தலைமயிர் கருகுகிற வாடை வரும். விரலால் நசுக்கினால் சாம்பல் பொடியாக உதிரும்.

இத்தனை சாமர்த்தியமுள்ள அதே அம்மாள், கையில் கட்டிக்கொள்ளும் ஃபிட்னஸ் பேண்ட் வாங்கும்போது மட்டும் ஏனோ வெகுளியாகிவிடுகிறாள். "நடையை அளக்கும், நாடியை அளக்கும், தூக்கத்தை அளக்கும், மன உளைச்சலைக்கூட அளக்கும்" என்று விளம்பரம் அடுக்கியதும், "அந்த ரோஜாக் கலரையே கொடுங்கள்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். அப்புறம் தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் அதன் முகத்தில்தான் விழிப்பு! "நேற்றுத் தூக்கத்துக்கு 58 மார்க்குத்தான்" என்று அது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுவதும் உடம்பு அசந்துபோகிறது.

சகோதரிகளே, உங்களுக்கோ, உங்கள் தாயாருக்கோ, கல்லூரியில் படிக்கும் மகளுக்கோ இப்படி ஒரு கைப்பட்டை வாங்கலாமென்று எண்ணம் இருந்தால் ஒரு நிமிஷம் பொறுங்கள். புடவையைச் சோதிப்பதுபோல் இதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். அதற்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே விஷயந்தான்: கைப்பட்டைக்கு நேராகத் தெரிவது எது, அது ஊகித்துச் சொல்வது எது? இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. அதைப் புரிந்துகொள்ள, கடையைவிடத் தறிதான் நல்ல பள்ளிக்கூடம். வாருங்கள், ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம்.

உட்கார்ந்தபடியே நடை!

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. அந்த ஊர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குழித்தறியில் வேலை செய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொள்கிறார். கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. ஒரு கை கயிற்றை இழுக்க, நாடா ஊடையோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறது. மற்றொரு கை பலகையைத் தன் பக்கம் இழுத்து ஊடையை நெருக்குகிறது. டக்-டக், டக்-டக் என்று ஒரே தாளம். இப்படி நாள் முழுவதும்.

இந்த நெசவாளரின் கையில் ஒரு கைப்பட்டையைக் கட்டிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்குள்ளே அசைவை உணரும் சின்னஞ்சிறு சில்லு ஒன்று இருக்கிறது. அதற்குக் கண் கிடையாது. கால் இருப்பதே தெரியாது. கை ஆடுகிறதா, எந்தத் தாளத்தில் ஆடுகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். மனிதன் நடக்கும்போது கை ஒழுங்காக வீசுகிறது அல்லவா? ஆகவே ஒழுங்கான தாளத்தில் கை ஆடினால், "இவர் நடக்கிறார்" என்று அது ஊகித்துக்கொள்கிறது. பலகையை இழுத்து இழுத்து விடுகிற கையில் அது இருந்தால், உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத மனிதர் கணக்கிலும் அடிகள் ஏறிவிடக் கூடும். மெய்யாகவே உழைக்கிற கால்களோ குழிக்குள் இருக்கின்றன. அவற்றின் உழைப்பு பட்டைக்கு எட்டவே எட்டாது!

தறிக்குப் பக்கத்தில் இராட்டையில் தார் சுற்றுகிற பெண்ணின் கதையும் இதேதான். ஒரு கை சக்கரத்தைச் சுற்றுகிறது. மற்றொரு கை அசையாமல் நூலைப் பிடித்திருக்கிறது. எந்தக் கையில் கட்டினாள் என்பதைப் பொறுத்து அவள் 'சுறுசுறுப்பானவள்' அல்லது 'சோம்பேறி'! ஒரே பெண், ஒரே வேலை, ஒரே நாள்.

"நாங்கள் நெசவா செய்கிறோம்?" என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுச் சமையலறையையே பாருங்களேன். குழந்தையின் தூளியை ஆட்டுங்கள். பட்டை அடி எண்ணக் கூடும். சப்பாத்தி இடுங்கள்; அப்போதும் எண்ணக் கூடும். ஆனால் இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு நாலு தெரு நடந்து வாருங்கள். குடத்தைப் பிடித்த கை ஆடாது. அந்தக் கையில் பட்டை இருந்தால் பல அடிகள் கணக்கில் விழாது. கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சாமான் வாங்கும்போதும் அப்படியே. அம்மி அரைக்கிற அம்மாளுக்கும், ஐந்து வாளித் துணி துவைக்கிற அம்மாளுக்கும் அந்தப் பெட்டியில் நியாயமான கணக்கு கிடைக்காது.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லுகிறேன் என்றால், நம் நாட்டில் வீட்டு வேலை யாருடைய தலையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 2024ஆம் வருஷத்து மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிஷம். அந்த 289 நிமிஷ உழைப்பில் எவ்வளவோ பங்கு கைப்பட்டைக்குத் தெரிவதில்லை. ஆகவே இராத்திரி எட்டு மணிக்கு, "இன்று நீங்கள் போதிய அளவு அசையவில்லை" என்று அது எச்சரித்தால், மனம் நொந்துகொள்ளாதீர்கள். உங்கள் உழைப்பை அளக்க அதற்கு வழி கிடையாது. அவ்வளவுதான்.

பத்தாயிரம் அடி எங்கிருந்து வந்தது?

கைப்பட்டையைக் கட்டிய முதல் நாளே அது உங்களுக்கு ஒரு குறி வைத்துவிடும். பெரும்பாலும் அது 10,000 அடியாக இருக்கும். ஏதோ வைத்திய சாஸ்திரத்தின் கட்டளை என்று நினைத்துவிடாதீர்கள்! 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அதையொட்டி ஜப்பானில் தேகப்பயிற்சியில் பெரிய உற்சாகம் பிறந்தது. அந்த உற்சாகத்தில், 1965இல் யமாசா என்ற கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நடை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ-கே'. 'பத்தாயிரம் அடி மானி' என்று அர்த்தம். நல்ல முழு எண். வாயில் நிற்கிற பெயர். விளம்பரத்தில் பிறந்த எண் உலகமெல்லாம் பரவி, இன்றைக்கு நம் மணிக்கட்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் எவ்வளவுதான் நடக்க வேண்டும்? 2019இல் அமெரிக்காவில் ஐ-மின் லீ என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 16,741 வயதான பெண்மணிகளின் நடைக் கணக்கை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்களுடைய சராசரி வயது 72. நாளைக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் குறைவாக இருந்தது. அடி கூடக்கூட நன்மையும் கூடியது. சுமார் 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே உங்கள் மாமியார் 5,000 அடி நடந்துவிட்டு வந்தால், "இன்னும் பாதி பாக்கி" என்று அவரை விரட்ட வேண்டாம்!

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட யோசனை இன்னும் சுலபமானது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான வேகத்தில் உடம்பை அசைத்தால் நல்லது. மிதமான வேகம் என்றால் என்ன? நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. இதை அளக்கப் பட்டைகூடத் தேவையில்லை. துணைக்கு வரும் சிநேகிதி போதும்.

பச்சை விளக்கின் ரகசியம்

பட்டையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் பச்சை வெளிச்சம் மினுக் மினுக்கென்று எரிவதைக் காணலாம். அதுதான் நாடி பார்க்கிற வைத்தியர். ஒவ்வொரு தடவை இருதயம் அடிக்கும்போதும் தோலுக்கடியில் இரத்தம் கொஞ்சம் பெருகி வடிகிறது. இரத்தம் பச்சை ஒளியை விழுங்கக் கூடியது. பெருகும்போது திரும்பி வருகிற ஒளி குறையும், வடியும்போது கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் பட்டை நாடித் துடிப்பைச் சொல்கிறது. இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்க்கச் சிவப்பொளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளியையும் பயன்படுத்துகிறார்கள். டாக்டர் விரலில் கவ்வவிடுகிற 'ஆக்சிமீட்டர்' இருக்கிறதல்லவா? அதற்கு அடிப்படையான யுக்தியை 1970களில் ஜப்பானியரான தகுவோ அவோயாகி கண்டுபிடித்தார். இன்று அது மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது.

ஒளியை நம்பியிருக்கிற கருவி என்பதால் ஒளிக்கு இடைஞ்சலானதெல்லாம் இதற்கும் இடைஞ்சல்தான். கை நிறைய வளையல் போட்டு, அதற்கு நடுவில் பட்டையைச் செருகினால், வளையல் இடித்து இடித்துப் பட்டை தூக்கிக்கொள்ளும். வெளி வெளிச்சம் உள்ளே புகும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, இறுக்காமலும் தொளதொளக்காமலும் கட்ட வேண்டும். வளையல் மற்றக் கையில் இருக்கட்டும். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால், அந்த மை ஒளியைத் தடுத்துவிடக் கூடும். மார்கழிக் குளிரில் கை சில்லிட்டுப் போயிருந்தாலும் கணக்குத் தடுமாறும்.

இன்னொரு விஷயம் நம்மைப்போன்ற மாநிறத்தவரும் கறுப்பு நிறத்தவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. தோலின் கருமையும் ஒளியை விழுங்குகிறது. 2020இல் அமெரிக்க ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் செய்த ஓர் ஆராய்ச்சியில், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே கறுப்பர்களின் பிராணவாயுக் குறைவைக் கவனிக்கத் தவறியது, வெள்ளையரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரியவந்தது. ஆஸ்பத்திரிக் கருவிக்கே இந்தக் கதி என்றால், மணிக்கட்டுப் பட்டை காட்டுகிற பிராணவாயு எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாமா? மூச்சு முட்டுகிறபோது பட்டை '97' என்று காட்டினாலும் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கும் வீட்டாருக்கு ஒரு தனி எச்சரிக்கை. "ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம், இந்த வாட்சே சர்க்கரை அளவைச் சொல்லிவிடும்" என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், தோலில் ஊசி குத்தாமல் தாங்களாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்சுகளையும் மோதிரங்களையும் உபயோகிக்கக் கூடாது என்று பகிரங்கமாகவே அறிவித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினாலோ குறைத்தாலோ உயிருக்கே ஆபத்து.

தூக்கத்துக்கு மார்க் போடுவது எப்படி?

இப்போது தூக்கத்துக்கு வருவோம். பலர் இந்தப் பட்டையை வாங்குவதே அதற்காகத்தான்.

தூக்கத்தில் பல படிகள் உண்டு. மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடுகிற படி ஒன்று இருப்பதை, 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்ற இருவர் உலகத்துக்கு அறிவித்தார்கள். கனவுகள் மிகுதியாக வருவது அந்தப் படியில்தான். இந்தப் படிகளைச் சரியாக அறிய என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்கவைத்து, தலையிலும் கண்ணருகிலும் மோவாயிலும் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னலைகளையும் கண்ணோட்டத்தையும் தசை இறுக்கத்தையும் பதிவு செய்கிறார்கள். மூச்சையும் கவனிக்கிறார்கள். சென்னை போன்ற நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்தச் சோதனைக்கு வசதி உண்டு.

உங்கள் மணிக்கட்டுப் பட்டைக்கு மூளை எங்கே தெரிகிறது? கை அசையவில்லை, நாடி நிதானமாக இருக்கிறது. ஆகவே தூங்குகிறாள் என்று ஊகிக்கிறது. நாடி இந்த மாதிரி மாறுகிறது. ஆகவே இது ஆழ்ந்த தூக்கம் என்று இன்னொரு ஊகம். எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், மொத்தம் ஏறக்குறைய எவ்வளவு நேரம் என்பதை இந்த ஊகம் ஓரளவு நன்றாகவே சொல்லும். ஆனால் அதற்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. விழித்தபடி அசையாமல் படுத்திருப்பதையும் அது தூக்கமென்றே நினைத்துவிடக் கூடும். மகள் வீட்டுக் கவலையில் இரண்டு மணி நேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்த தாயாருக்கு, "அருமையான உறக்கம்" என்று காலையில் நற்சாட்சிப் பத்திரம் கிடைத்தால் எப்படி இருக்கும்!

'ஆழ்ந்த தூக்கம் 52 நிமிஷம், கனவுத் தூக்கம் 71 நிமிஷம்' என்று நிமிஷ சுத்தமாக அது காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். நிமிஷக் கணக்காகச் சொல்வதால் ஊகம் உண்மையாகிவிடாது.

ஒரு சாரார் இதனாலேயே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மார்க் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் சீக்கிரம் படுப்பார்கள், தூக்கம் வராது, படுக்கையிலேயே கிடப்பார்கள், மறுபடியும் மார்க் குறையும். 2017இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்த வகை நோயாளிகளைக் கவனித்து, இதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சரியான தூக்கம் வேண்டுமென்ற வெறியே தூக்கத்துக்குச் சத்துருவாகிவிடும் நிலை! உங்கள் வீட்டில் கவலைப்படுகிற சுபாவம் உள்ளவர்கள் இருந்தால், அவர்களுக்கு இந்தப் பட்டையைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க வேண்டாம்.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது வாரக் கணக்கை. ஓர் இரவின் மார்க்கில் அர்த்தமில்லை. ஒரு மாதமாகத் தினமும் ஐந்தரை மணி நேரந்தான் படுக்கையில் இருக்கிறீர்கள் என்று அது காட்டினால், அதில் நிறைய அர்த்தம் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தினமும் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது தூக்க வைத்திய நிபுணர்கள் 2015இல் கூடிச் சொன்ன முடிவு. இராத்திரி பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி, காலை ஐந்துக்குப் பால் வாங்க எழுந்திருக்கிற இல்லத்தரசிக்கு அந்த 7 மணி எங்கிருந்து வரும்? இந்தக் கணக்கைக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். இரவுப் பாத்திரங்களை யாராவது பங்கு போட்டுக்கொண்டால், பட்டைக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று சொல்லலாம்.

எந்த உருவம் யாருக்கு?

கடையில் இப்போது மூன்று உருவங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, மெல்லிய பட்டை. விலை குறைவு, கனம் இல்லை, ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓடும். தூக்கத்தைக் கவனிக்க வேண்டுமென்றால் இரவிலும் கையில் இருக்க வேண்டுமல்லவா? தினமும் இராத்திரி சார்ஜுக்குப் போடவேண்டிய சாதனம் அதற்கு உதவாது. முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, ஸ்மார்ட் வாட்ச். தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் கம்பெனிகூட இன்று இந்த வகை வாட்சுகளை விற்கிறது. சில உயர்ந்த ரக வாட்சுகள் இருதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தைக் கவனித்துச் சொல்லும். சாம்சங், ஆப்பிள் இரண்டும் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் அறிகுறியைக் கண்டு எச்சரிக்கும் வசதிக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அது எச்சரிக்கைதான், நோய் இன்னதென்று தீர்மானிப்பது டாக்டர். பெரிய வாட்சுகள் பல, ஓரிரு நாளிலேயே சார்ஜ் கேட்கும். மெல்லிய மணிக்கட்டுள்ள பெண்களுக்குக் கனமாகவும் இருக்கும்.

மூன்றாவது, மோதிரம். பின்லாந்து தேசத்து ஔரா, நம் பெங்களூரின் அல்ட்ராஹியூமன் முதலிய கம்பெனிகள் செய்கின்றன. தூங்கும்போது தொந்தரவில்லை. ஆனால் விலை அதிகம். விரல் வீங்கினால் மாற்ற முடியாது. மாவு பிசையும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றிக் கழற்றி வைக்க வேண்டும். ஆரணியில் பாவுக்கு முன்னால் உட்காருகிறவரைக் கேட்டால், மோதிரமே வேண்டாம் என்பார்: இழை மாட்டினால் அறுந்துபோகுமே! உங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உலோகக் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு பட்டுப் புடவையில் கொசுவம் வைக்காதீர்கள். ஜரிகை இழை ஒன்று மாட்டினால் புடவையின் கதி என்னவாகும்? முனை இல்லாத ரப்பர் வாரோ, ஒட்டிக்கொள்ளும் துணி வாரோ உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

விலையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "மாதச் சந்தா உண்டா?" சில கம்பெனிகள் சாதனத்தை விற்ற பிறகு, விவரங்களை முழுவதும் பார்க்க மாதாமாதம் பணம் கேட்கின்றன. பட்டைக்குப் பணம் கொடுத்தபின் பட்டை நாமமும் போட்டுக்கொள்ள வேண்டுமா?

வீட்டிலேயே நாலு பரீட்சை

திருப்பிக் கொடுக்க அவகாசம் தருகிற கடையில் வாங்குங்கள். அந்த அவகாசத்துக்குள் இந்த நாலு பரீட்சைகளை நடத்திவிடுங்கள். நூலைக் கொளுத்திப் பார்க்கிற காரியம்தான்!

1. மாடியிலோ தெருவிலோ மனத்துக்குள் எண்ணியபடி 200 அடி கைவீசி நடங்கள். பட்டையின் கணக்கோடு ஒப்பிடுங்கள். பத்துப் பதினைந்து அடி வித்தியாசம் பாதகமில்லை. பிறகு அதே 200 அடியைக் கையில் பையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

2. ஐந்து நிமிஷம் உட்கார்ந்தபடி சப்பாத்தி இடுங்கள், அல்லது தூளி ஆட்டுங்கள். எத்தனை அடி ஏறியது என்று பாருங்கள். அதிகம் ஏறினால் பட்டையை மற்றக் கைக்கு மாற்றுங்கள்; வேலை குறைவாகச் செய்கிற கைதான் அதற்கு ஏற்ற இடம்.

3. அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பட்டை காட்டுவதற்கும் இதற்கும் நாலைந்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. உங்கள் நிறத்துக்கும் உங்கள் தோலுக்கும் அது ஒத்துவருகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

4. ஒரு நாள் இரவு படுக்கையில் அசையாமல் படுத்து அரைமணி நேரம் இந்த வாரத் தொடர்கதையை வாசியுங்கள். காலையில், அந்த அரைமணியையும் பட்டை தூக்கத்தில் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்திருந்தால், அதன் தூக்கக் கணக்கில் எவ்வளவு தள்ளுபடி செய்யவேண்டும் என்று புரிந்துகொள்வீர்கள்.

ஒரு பட்டை எல்லாப் பரீட்சையிலும் தேற வேண்டுமென்பதில்லை. உங்களுக்கு எது முக்கியமோ அதில் தேறினால் போதும். நடைக்காக வாங்குகிறவர்கள் முதல் பரீட்சையைப் பாருங்கள். இருதய விஷயமாக வாங்குகிறவர்கள் மூன்றாவதைப் பாருங்கள்.

உங்கள் இரகசியம் யாரிடம்?

பட்டை சேகரிப்பதெல்லாம் டெலிபோன் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது. எப்போது தூங்குகிறீர்கள், எந்த வழியாக நடக்கிறீர்கள், மாதவிலக்குத் தேதி என்ன என்பதெல்லாம் அதில் அடக்கம். 2017இல் 'ஸ்ட்ராவா' என்ற தேகப்பயிற்சிச் செயலி, தன் அங்கத்தினர் ஓடிய பாதைகளை உலகப் படத்தில் ஒளிக்கோடுகளாகப் போட்டுக் காட்டியது. அதில் அந்நிய தேசங்களிலிருந்த இராணுவ முகாம்களின் இருப்பிடமே வெளிப்பட்டுவிட்டது! நம் நாட்டில் 2023இல் தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நாமும் ஜாக்கிரதையாக இருப்போம். காலையில் தனியாக நடக்கப் போகும் பெண்கள் தாங்கள் போகும் பாதையை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டாம். கேட்கிற விவரத்தையெல்லாம் கொடுத்தாக வேண்டுமென்பதும் இல்லை.

பட்டை சொல்லாத இரண்டு விஷயங்கள்

முடிவாக, மறக்கக் கூடாத இரண்டு விஷயங்கள்.

முதலாவது குறட்டை. வீட்டில் யாராவது பலமாகக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று, திடுக்கிட்டு மூச்சிழுத்தால், அவருடைய பட்டை 90 மார்க் போட்டிருந்தாலும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் இந்த நோய் இரத்த அழுத்தத்தோடும் இருதய நோயோடும் தொடர்புடையது. பகலில் வண்டி ஓட்டும்போது கண் செருகவைத்து விபத்தில் கொண்டுபோயும் விடும். ஆண்களின் வியாதி என்று பலர் நினைத்திருக்கிறார்கள். பெண்களுக்கும் வரும். அவர்களிடம் அது தீராத அசதியாகவும், காலைத் தலைவலியாகவும், அடிக்கடி விழிப்பாகவும் தலைகாட்டுவதால், "வீட்டு வேலைக் களைப்பு" என்று எல்லாரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது இரத்தசோகை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. இரத்தம் குறைந்தால் படி ஏறினாலே மூச்சு வாங்கும். எவ்வளவு தூங்கினாலும் அசதி போகாது. இருதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கும். சும்மா இருக்கும்போது உங்கள் நாடி வழக்கத்தைவிடக் கூடியிருப்பதைப் பட்டை காட்டும். ஆனால் அதன் காரணத்தை அது சொல்லாது. "நிதானமாக மூச்சு விடுங்கள்" என்று ஒருவேளை யோசனை சொல்லும்! உங்களுக்கு வேண்டியது மூச்சுப் பயிற்சியல்ல; ஒரு துளி இரத்தப் பரிசோதனையும், டாக்டர் சொல்லும் இரும்புச் சத்து மாத்திரையும், தட்டில் கீரையும்.

ஆகவே, வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கட்டிக்கொண்டு நடங்கள். மாதம் ஒரு தடவை கணக்கைப் பாருங்கள். உடம்பு சோர்வாக இருந்து, பட்டை மட்டும் "பேஷ்!" என்றால், உடம்பு சொல்வதையே கேளுங்கள். அடுத்த தடவை உங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, "ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள், டாக்டர்" என்று கேட்க மறந்துவிடாதீர்கள்.